டீச்சர் பதில்கள்: கோஷம் போட்டவர் சட்டமன்றம் போனால்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "வியட்நாம் போரை எதிர்த்துத் தண்டனை வாங்கிய டாம் ஹெய்டன் பிற்பாடு கலிபோர்னியாவில் பதினெட்டு வருடம் மக்கள் பிரதிநிதியாக இருந்தார்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மார்த்தாண்டம், தக்கலை, கொல்லங்கோடு, பூதப்பாண்டி என்று பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய காலத்தில் வியட்நாம் என்று ஆரம்பித்தாலே "டீச்சர், பரீட்சைக்கு வருமா?" என்பார்கள். இப்போது கேட்டுக் கேட்டு எழுதுகிறீர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அவருக்கே.

யார் இந்த டாம் ஹெய்டன்? எங்கள் யாருக்குமே தெரியவில்லை டீச்சர்.
(கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்)

தெரியாததில் வியப்பில்லை மகளே. அமெரிக்காவிலேயே இளையவர்களுக்கு அவரை நடிகை ஜேன் ஃபோண்டாவின் முன்னாள் கணவர் என்றுதான் தெரியும்.

1939 டிசம்பர் 11-ல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய ராயல் ஓக் சொந்த ஊர். ஐரிஷ் வழி வந்த கத்தோலிக்கக் குடும்பம், அப்பா கிரைஸ்லர் கார் கம்பெனியில் கணக்கு பார்த்தவர். பையன் படித்தது சிறுமலர் தெரசாள் ஆலயத்தின் பங்குப் பள்ளியில். நம் மாவட்டத்தில் குழந்தை தெரசம்மாள் பெயரில் எத்தனை கோயில், எத்தனை பள்ளிக்கூடம்! அதே புனிதைதான். ஆனால் அந்தப் பங்கின் பாதிரியார் சார்லஸ் காக்லின் 1930-களில் வானொலியில் யூதர்களைத் திட்டித் தீர்த்துப் பேர் வாங்கியவர். அப்படிப்பட்ட இடத்திலிருந்து கிளம்பி வந்தவர் ஹெய்டன் என்பதை மனதில் வைத்துக்கொள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் நடத்திய 'மிச்சிகன் டெய்லி' நாளிதழுக்கு ஆசிரியரானார். 1960 பிப்ரவரியில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர்கள் நான்கு பேர், வெள்ளையருக்கு மட்டும் என்று வைத்திருந்த சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்தார்கள். அது நாடு முழுக்கப் பரவியது. அந்த வருடக் கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸில் மார்ட்டின் லூதர் கிங்கைப் பேட்டி எடுக்கப் போனவரிடம், கடைசியில் உன் வாழ்க்கையை வைத்துத்தான் நீ ஒரு நிலை எடுக்க வேண்டும் என்று கிங் சொன்னாராம். ஹெய்டனே பிற்காலத்தில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

அடுத்த வருடம் மிசிசிப்பியில் மெக்கோம் என்ற ஊரில், கறுப்பின மக்கள் வாக்காளர்களாகப் பதிவு செய்வதைப் பற்றி எழுதப் போனவரை நடுத்தெருவில் போட்டு அடித்தார்கள். அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. வருடக் கடைசியில் ஜார்ஜியாவின் ஆல்பனி ஊரில் சிறை. நிருபராகப் போனவர் போராட்டக்காரராகத் திரும்பினார்.

மாணவர்கள் உட்கார்ந்து ஒரு அறிக்கை எழுதினால் நாடு மாறிவிடுமா?
(பாலிடெக்னிக் மாணவர், கொல்லங்கோடு)

உடனே மாறாது தம்பி. ஆனால் எழுதாமல் இருந்தால் யார் எதற்காகக் கூடினார்கள் என்பதே மறந்துபோகும்.

1962 ஜூனில் மிச்சிகனில் போர்ட் ஹூரான் என்ற இடத்தில், கார் தொழிலாளர் சங்கத்தின் முகாமில், 'ஜனநாயக சமுதாயத்துக்கான மாணவர்கள்' என்ற அமைப்பைச் சேர்ந்த சுமார் 60 பேர் கூடினார்கள். ஹெய்டன் எழுதிக்கொண்டு வந்த வரைவை வரி வரியாக அலசி ஓர் அறிக்கை ஆக்கினார்கள். ஏறத்தாழ 25,000 வார்த்தை. நாங்கள் ஓரளவு வசதியில் வளர்ந்தவர்கள், கல்லூரிகளில் இருக்கிறோம், எங்கள் கைக்கு வரப்போகும் உலகத்தைப் பார்த்தால் மனம் நிம்மதியாக இல்லை என்கிற பொருளில் அது தொடங்கும். எனக்கு அந்தத் தொடக்கத்தின் மேல் தனி மரியாதை உண்டு. பசியில் வாடுகிறோம் என்று பொய் சொல்லவில்லை. வயிறு நிறைந்தவனுக்கும் மனம் உறுத்த வேண்டும் என்றார்கள். தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுப் போட்டுவிட்டு ஒதுங்குவது போதாது, தன் வாழ்க்கையைப் பாதிக்கிற முடிவுகளில் சாதாரண மனிதனுக்குப் பங்கு வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

மூன்று வருடம் கழித்து, 1965 ஏப்ரல் 17-ல், வியட்நாம் போருக்கு எதிராக வாஷிங்டனில் நடந்த முதல் பெரிய ஊர்வலத்தை நடத்தியது இதே மாணவர் அமைப்புதான். சுமார் 20,000 பேர் வந்தார்கள்.

போரை எதிர்த்தவர்களில் மாணவர்களே ஏன் முன்னால் நின்றார்கள்?
(வாசகர், தக்கலை)

அங்கே பட்டாளத்தில் சேருவது அன்று விருப்பம் இல்லை, கட்டாயம். நம் ஊரில் பையன்கள் விடிகாலையில் ஓடிப் பழகி ஆள் சேர்ப்புக்குப் போகிறார்கள். அங்கே அரசாங்கமே கடிதம் அனுப்பிக் கூப்பிடும். 18 வயதிலிருந்து 26 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். கல்லூரியில் படித்தால் தள்ளிப்போடலாம். அதனால் காசில்லாத வீட்டுப் பையன்களும் கறுப்பினப் பையன்களும்தான் அதிகம் மாட்டினார்கள். படித்துக்கொண்டிருந்தவனுக்கு இரண்டு பாரம்: படிப்பு முடிந்தால் நாமும் போக வேண்டும் என்ற பயம், நமக்குப் பதில் இன்னொருவன் போயிருக்கிறான் என்ற உறுத்தல்.

1969 டிசம்பர் 1-ல் நடந்ததைக் கேளுங்கள். ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. அதற்குள் 366 நீல நிறக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் வருடத்தின் ஒரு தேதி எழுதிய சீட்டு. நம் ஊர் ஏலச்சீட்டுக் குலுக்கல் போல ஒவ்வொன்றாகக் கையை விட்டு எடுத்தார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. 1944-லிருந்து 1950-க்குள் அந்தத் தேதியில் பிறந்த பையன்கள்தான் முதல் வரிசை. அந்தக் குலுக்கலைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மாரை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இன்னொன்றும் உண்டு. போருக்குப் போக 18 போதும், ஓட்டுப் போட 21 ஆக வேண்டும் என்று சட்டம். சாவதற்கு வயது வந்துவிட்டது, கேட்பதற்கு வயது வரவில்லையா என்று மாணவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. 1971-ல் அரசியல் சட்டத்தின் 26-வது திருத்தம் அங்கே 18 வயதுக்கு ஓட்டுரிமை தந்தது. நமக்கு அது 1989-ல் வந்தது.

என் அப்பா, சித்தப்பா எல்லோரும் பட்டாளத்துக்காரர்கள். போரை எதிர்ப்பது என்றால் எல்லையில் நிற்கிறவனை அவமதிப்பது ஆகாதா?
(ஓய்வுபெற்ற படைவீரரின் மகன், அருமனை)

ஆகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போருக்கு அனுப்புகிற முடிவை எடுப்பவன் வேறு, போகிறவன் வேறு.

1967 நவம்பரில், அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட வியட்நாம் விடுதலை முன்னணி தன் பிடியிலிருந்த மூன்று அமெரிக்க சார்ஜென்ட்களை விடுவித்தது. கம்போடியாவின் புனோம் பென்னில் அவர்களைப் பொறுப்பேற்று அழைத்து வந்தது யார் தெரியுமா? டாம் ஹெய்டன். தேசத்துரோகி என்று ஏசப்பட்ட அதே மனிதர். அந்த மூன்று வீட்டாருக்கும் பிள்ளை உயிரோடு வந்து சேர்ந்தான்.

போரில் கால் கை இழந்து திரும்பியவர்களே அதை எதிர்க்க ஆரம்பித்ததையும் சொல்ல வேண்டும். 1971 ஏப்ரலில் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டிடத்தின் முன்னால் நூற்றுக்கணக்கான முன்னாள் வீரர்கள் தாங்கள் வாங்கிய பதக்கங்களை வீசி எறிந்தார்கள். அந்த நாட்களில் செனட் குழு முன்னால் பேசிய 27 வயது கடற்படை அதிகாரி ஜான் கெர்ரி பிற்பாடு செனட்டர் ஆனார், 2004-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்றார், வெளியுறவு அமைச்சரும் ஆனார். அந்தப் போரில் அமெரிக்காவுக்கு 58,000-க்கும் மேல் உயிர். வியட்நாம் அரசு 1995-ல் சொன்ன கணக்கு சுமார் 30 லட்சம். உங்கள் அப்பாவிடமே கேட்டுப் பாருங்கள். போரை நெருங்கிப் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பெருமை அடிப்பதை நான் அதிகம் கேட்டதில்லை.

சிகாகோ வழக்கு என்றால் என்ன? எதற்காக அவருக்குத் தண்டனை?
(வழக்கறிஞர், நாகர்கோவில்)

1968 ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தது. வெளியே போர் எதிர்ப்பாளர்கள் கூடினார்கள். போலீஸ் தடியெடுத்தது. அதை விசாரித்த அரசாங்கக் குழுவே, போலீஸ் நடத்திய கலவரம் அது என்று பிறகு எழுதியது. ஆனாலும் வழக்கு போட்டது எட்டுப் போராட்டக்காரர்கள் மேல்தான். கலவரம் செய்யச் சதி, அதற்காக மாநில எல்லை தாண்டி வந்தது என்று குற்றச்சாட்டு.

வழக்கறிஞரான நீங்கள் அந்த நீதிமன்றத்தை ஒரு நிமிடம் மனக்கண்ணில் பாருங்கள். எட்டுப் பேரில் ஒருவரான பாபி சீல் என்ற கறுப்பினத் தலைவர், என் வக்கீல் நோயில் கிடக்கிறார், என் வழக்கை நானே நடத்துகிறேன் என்று எழுந்து எழுந்து கேட்டார். நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மேன் அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, வாயில் துணி அடைக்க உத்தரவிட்டார். 1969-ல், அமெரிக்காவில், ஜூரிகள் பார்த்திருக்க, குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் கட்டப்பட்டபடி உட்கார்ந்திருக்க, சாட்சி விசாரணை நடந்தது. பிறகு அவர் வழக்கைத் தனியாகப் பிரித்தார்கள்.

1970 பிப்ரவரி 18-ல் தீர்ப்பு. சதிக் குற்றச்சாட்டிலிருந்து எல்லோரும் விடுதலை. கலவரத்தைத் தூண்டும் எண்ணத்தோடு வந்ததாக ஹெய்டன் உட்பட ஐந்து பேருக்கு ஐந்து வருடச் சிறை, 5,000 டாலர் அபராதம். 1972 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. சிகாகோவில் நண்பன் மண்டை உடைந்து விழுந்த ஆத்திரத்தில், ரத்தம் சிந்துவதானால் இந்த நகரம் முழுக்கச் சிந்தட்டும் என்று ஹெய்டன் கூட்டத்தில் பேசினார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. கிங்கிடம் பேட்டி எடுத்த பையன் பேசியிருக்கக் கூடாத பேச்சு. எதிரில் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள்.

அவ்வளவு அடி வாங்கியவர் எதற்காகத் தேர்தலில் நின்றார்? சோர்ந்து போய்விட்டாரா?
(ஆட்டோ ஓட்டுநர், குழித்துறை)

சோர்ந்து போனவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள் அண்ணாச்சி. போர் 1975-ல் முடிந்தது. கூட்டம் கலைந்தது. மாணவர் அமைப்பு அதற்கு முன்பே உடைந்து, ஒரு பிரிவு வெடிகுண்டு வழிக்குப் போய்விட்டது. ஹெய்டன் அந்தப் பக்கம் போகாமல், 1976-ல் கலிபோர்னியாவில் செனட்டர் பதவிக்கு, சொந்தக் கட்சியான ஜனநாயகக் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றில் நின்றார். எதிரில் பதவியில் இருந்த ஜான் டன்னி. ஹெய்டன் தோற்றார். ஆனால் பத்து லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு.

இதற்குப் பின்னால் நடந்ததுதான் வேதனை. உட்கட்சிப் போட்டியில் அடிபட்ட டன்னி நவம்பரில் குடியரசுக் கட்சிக்காரரிடம் தோற்றார். ஜெயித்தவர் எஸ்.ஐ. ஹயகாவா. 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் மாணவர் வேலைநிறுத்தம் நடந்தபோது, மாணவர்களின் மைக் வண்டி மேல் தானே ஏறி ஒலிபெருக்கி வயரைப் பிடுங்கிப் போட்ட கல்லூரித் தலைவர் இவர். மாணவர் தலைவர் கேட்ட இருக்கையில் மாணவர் மைக்கைப் பிடுங்கியவர் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஹெய்டன் கீழிருந்து ஆரம்பித்தார். வாடகைக் கட்டுப்பாடு, சூரிய மின்சாரம், குடிநீர் என்று உள்ளூர் விஷயங்களுக்காக ஓர் அமைப்பு. அதற்குப் பணம் பெரும்பாலும் ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி நிலையத்திலிருந்தும் வீடியோவிலிருந்தும் வந்தது. 1982-ல் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்கு ஜெயித்தார். பத்து வருடம் அங்கே, 1992 முதல் 2000 வரை மேலவையில். கவர்னர், மேயர் என்று பெரிய பதவிக்கு நின்றபோதெல்லாம் தோல்விதான்.

உள்ளே போனதும் வரவேற்பு ஒன்றும் இல்லை. முன்னாள் மரைன் படைவீரரான கில் ஃபெர்குசன் என்ற உறுப்பினர், எதிரிக்கு உதவிய ஆள் இங்கே உட்காரக் கூடாது என்று 1986-ல் அவரை வெளியேற்றத் தீர்மானமே கொண்டுவந்தார். அது தோற்றது.

சரி, பதினெட்டு வருடத்தில் என்னதான் சாதித்தார்?
(கடலோர வாசகி, மணவாளக்குறிச்சி)

ஒரு போர்டு.

என் அக்கா மகள் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நர்ஸாக இருக்கிறாள். போன புதிதில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "சித்தி, இங்கே தங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டாள். அவள் இருந்த அடுக்குமாடிக் கட்டிடத்தின் கீழே கார் நிறுத்துகிற இடம். லிஃப்ட் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தகடு. மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி. இந்த இடத்தில் வாகனப் புகை உண்டு, அதிலுள்ள ரசாயனங்கள் புற்றுநோயும் பிறவிக் குறைபாடும் உண்டாக்கும் என்று கலிபோர்னியா மாநிலத்துக்குத் தெரியும், தேவைக்கு மேல் இங்கே நிற்காதீர்கள் என்கிற மாதிரி வாசகம். பயப்படாதே, அந்த மாநிலத்தில் எங்கே போனாலும் இது இருக்கும் என்று சொன்னேன்.

அந்தத் தகட்டுக்குப் பின்னால் இருப்பது 1986 நவம்பரில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய சட்டம். 65-வது முன்மொழிவு என்பார்கள். அதற்காக மாநிலமெங்கும் பிரச்சாரம் செய்தவர்களில் ஹெய்டன் முக்கியமானவர். சட்டம் சொல்வது இரண்டே விஷயம்: பட்டியலில் உள்ள ரசாயனத்தைக் குடிநீர் ஆதாரத்தில் விடக்கூடாது. மக்கள் மேல் படுகிற இடத்தில் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். பட்டியலில் இன்று சுமார் 900 பெயர்கள். அரசாங்கம் கண்டுகொள்ளாவிட்டால் சாதாரணக் குடிமகனே வழக்குப் போடலாம்.

எங்கும் போர்டு வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள், வக்கீல்களுக்குத்தான் வருமானம் என்று அங்கே குறை சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் போர்டு வைப்பதைத் தவிர்க்க நினைத்த கம்பெனிகள் பலவும் சத்தம் போடாமல் அந்த ரசாயனத்தையே மாற்றிவிட்டன. அதுதான் சட்டத்தின் பலம். உங்கள் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது. அதன் கதிர்வீச்சு எவ்வளவு, எந்த இடத்தில் எவ்வளவு என்று கரையில் குடியிருக்கிறவர்களுக்குப் படிக்கிற மாதிரி எழுதி வைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால், அது ஹெய்டன் கேட்ட அதே கேள்வி. நான் உங்கள் பக்கம்.

போராட்டக்காரர் ஆட்சிக்குள் போனால் மாறிவிடுவார் என்கிறார்களே. இவர் மாறவில்லையா?
(ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், புதுக்கடை)

சார், புதுக்கடைக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1954 ஆகஸ்ட் 11. நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்கள் மேல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்று நம் தாலுகாக்கள் இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் ஆண்டது காங்கிரஸ் இல்லை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை, அவரே சுதந்திரத்துக்காகச் சிறை போனவர். அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது வேறொரு போராட்டத்துக்காக வடக்கே சிறையில் இருந்தார். சிறையிலிருந்தே, சொந்தக் கட்சி முதலமைச்சர் பதவி விலக வேண்டும் என்றார். தன் கட்சிக்குக் கிடைத்திருந்த ஒரே ஆட்சி போனாலும் பரவாயில்லை என்றார். தாணு பிள்ளை விலகவில்லை. கட்சி பிளந்தது.

தாணு பிள்ளை வழி, லோகியா வழி இரண்டும் ஒரே மனிதனுக்குள் இருக்க முடியும் என்பதற்கு ஹெய்டன் சாட்சி.

1982 ஜூன் 6-ல் இஸ்ரேல் லெபனான் மேல் படையெடுத்தது. அதே வருடம்தான் ஹெய்டனின் முதல் சட்டமன்றத் தேர்தல். தொகுதி லாஸ் ஏஞ்சல்ஸின் மேற்குப் பகுதி, யூத வாக்காளர்கள் நிறைய. அவர்களின் ஆதரவு இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று கட்சியின் பெரிய தலைகள் சொன்னார்கள். ஹெய்டனும் ஜேன் ஃபோண்டாவும் இஸ்ரேல் போனார்கள், லெபனானுக்குள்ளும் கூட்டிப் போய்க் காட்டினார்கள். ஹெய்டன் படையெடுப்பை ஆதரித்துப் பேசினார். அந்தப் பக்கத்தில் பெய்ரூத் நகரம் முற்றுகையில், குண்டு வீச்சில், தண்ணீர் இல்லாமல் கிடந்தது. செப்டம்பரில் சப்ரா, ஷத்தீலா அகதி முகாம்களில் படுகொலை. நவம்பரில் ஹெய்டன் ஜெயித்தார்.

1965-ல் வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்குப் போய், குண்டு விழுகிற நாட்டில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தன் கண்ணால் பார்த்து வந்து எழுதியவர் இவர். பெய்ரூத்தில் விழுந்த குண்டுக்கு மட்டும் வேறு நியாயம் எப்படி வந்தது? இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். ஓட்டுக்காக ஒரு போரை ஆசீர்வதித்தார். அவ்வளவுதான்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2006 ஜூலையில் இஸ்ரேல் மறுபடி லெபனானைத் தாக்கியபோது, 66 வயதில், ஹெய்டன் ஒரு கட்டுரை எழுதினார். 1982-ல் நான் அவர்கள் கையில் ஏமாந்த பேர்வழியாக இருந்தேன் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். யார் வந்து என்ன பேசினார்கள், எந்தப் பயத்தில் தலையாட்டினேன் என்று ஒவ்வொன்றாக வைத்தார். அது இன்னும் என்னை விடாமல் துரத்துகிறது என்றார். யாரும் கேட்டு எழுதியதில்லை. அன்றைய வாக்காளர்கள் மறந்தே போயிருப்பார்கள். எழுதியதால் அவருக்கு லாபம் ஒன்றும் இல்லை.

24 வருடம் பிந்திய கட்டுரை பெய்ரூத்தில் செத்த ஒரு பிள்ளையைக்கூடத் திரும்பக் கொண்டுவராது. அதைச் சொல்லிவிட்டுத்தான் இதையும் சொல்கிறேன்: தான் ஆதரித்த போரைப் பற்றித் தன் கையால் இப்படி எழுதிக் கொடுத்த அரசியல்வாதிகள் எத்தனை பேர்? நம் நாட்டில், நம் மாநிலத்தில், 2009-ல் கடலுக்கு அந்தப் பக்கம் முள்ளிவாய்க்காலில் நடந்தபோது பதவியில் இருந்தவர்கள், பேசாமல் இருந்தவர்கள் எத்தனை பேர் எழுதினார்கள்? 2013-ல் லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் இருந்து, அது தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கெல்லாம் பரவியது. அன்று கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஜேன் ஃபோண்டாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?
(வாசகி, திங்கள்சந்தை)

1973-ல் கல்யாணம், 1990-ல் விவாகரத்து, ஒரு மகன். 1972-ல் ஹனோயில் விமான எதிர்ப்புப் பீரங்கி மேல் உட்கார்ந்து எடுத்த படத்துக்காக இன்றும் ஏச்சு வாங்குகிறார். அந்தப் படத்துக்காக மன்னிப்பும் கேட்டிருக்கிறார். ஹெய்டன் 2016 அக்டோபர் 23-ல் இறந்தார்.

நம் ஊரில் இப்படி மாணவர் போராட்டத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர் உண்டா? எங்கள் ஊர் ஜீவாவைச் சொல்லலாமா?
(வாசகர், பூதப்பாண்டி)

ஜீவா கல்லூரி மாணவர் தலைவர் இல்லை. இளவயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பியவர். தெருவிலிருந்து 1952-ல் வண்ணாரப்பேட்டை வழியாகச் சட்டமன்றம் போனவர் என்ற வகையில் சொல்லலாம்.

மாணவர் என்றால் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம்தான். கா. காளிமுத்து, எல். கணேசன் என்று ஒரு வரிசையே அதிலிருந்து வந்தது. பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் 1967-ல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். வித்தியாசம் 1,285 ஓட்டு. அந்தத் தோல்விதான் காமராஜரை நம்மிடம் கொண்டுவந்தது. மார்ஷல் நேசமணி 1968 ஜூனில் இறந்து நாகர்கோவில் தொகுதி காலியானது. 1969 ஜனவரி இடைத்தேர்தலில் காமராஜர் இங்கே நின்று பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். 1971-லும் நாம் அவரை விடவில்லை. அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள், கேட்டு எழுதி வையுங்கள்.

அண்மையில் என்றால், கூடங்குளம் அணு உலை எதிர்ப்பில் முன்னால் நின்ற சுப. உதயகுமாரன் 2014-ல் கன்னியாகுமரி தொகுதியில் நின்று தோற்றார். போராட்டத்துக்கு வந்த கூட்டம் வேறு, ஓட்டுச்சாவடிக்கு வருகிற கூட்டம் வேறு.

மகன் இரண்டாம் வருடம் படிக்கிறான். மாணவர் சங்கம், போராட்டம் என்று அலைகிறான். காசா போருக்கு எதிராகப் பதாகை பிடித்து நின்ற படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. அவன் அப்பா வளைகுடாவிலிருந்து கூப்பிட்டுச் சத்தம் போடுகிறார். தடுக்கவா, விடவா டீச்சர்?
(ஒரு தாய், தேங்காப்பட்டணம்)

விடுங்கள் அம்மா. பதாகையில் எழுதியதை அவனே யோசித்து எழுதினானா, யாரோ கொடுத்ததைப் பிடித்தானா என்று மட்டும் கேளுங்கள். அவனே எழுதியது என்றால் அந்த எழுத்தைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஹெய்டன் மாணவராக எழுதியதெல்லாம் இன்று கிடைப்பதால்தான் அவர் எங்கே நேராக நின்றார், எங்கே சாய்ந்தார் என்று நாம் பேச முடிகிறது.

அவன் அப்பா ஏன் கத்துகிறார் என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். நம் பக்கத்து வீடுகளில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட்தான் சோறு. அனுமதியில்லாத கூட்டம் என்று ஒரு வழக்குப் பதிவானால், பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும்போது அது வந்து நிற்கும். வழக்கு முடியும்வரை இழுக்கும். இதைப் பயமுறுத்தச் சொல்லாதீர்கள், தெரிந்துகொண்டு செய்யட்டும் என்று சொல்லுங்கள். கூட்டத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா, எழுத்தில் இருக்கிறதா என்று கேட்கப் பழக்குங்கள். தெரிந்த வக்கீல் ஒருவரின் நம்பரை அவன் போனில் போட்டு வையுங்கள். அப்புறம், அப்பாவும் மகனும் நேரில் பேசட்டும். லீவில் வரும்வரை வாட்ஸ்அப்பில் சண்டை வேண்டாம்.